புதிய முகமன்

மொழி யாருக்கும் தனியுடைமையன்று; ஆயினும் அதைப் பேசுகிற ஒவ்வொருவரும் அதன் விதிகளுக்குக் கட்டுப்பட்டே பேசுகிறோம். விதியை ஒருவர் மட்டும் மாற்றிக்கொண்டால் பிறருக்கு அவர் பேச்சு புரியாமற் போகிறது. பலர் சேர்ந்து மெல்ல மாற்றினால், சில தலைமுறைகளுக்குப் பின் இலக்கண ஆசிரியர் ஒருவர் வந்து ஒப்புதல் வழங்குகிறார். நன்னூல் செய்த பவணந்தியார் தம் நூலின் இறுதிச் சூத்திரத்தில் இந்த ஒப்புதலையே பொதுவிதியாக்கி வைத்தார். காலம் மாற வழக்குகளும் மாறுவதைப் பிழையெனக் கொள்ளலாகாது என்பது அவர் கருத்து. அச்சூத்திரத்தை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. புதியது உள்ளே வந்துவிட்டது, நன்று. பழையதையே இன்னும் பேசிக்கொண்டிருக்கும் மனிதரை என்ன செய்வது?

கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கும் இத்தகைய விதிகள் உண்டு. அவற்றை நெறிமுறைகள் என்கிறோம். ஒரு நிறுவனம் தன் மாளிகைக்குள் வகுத்துக்கொண்ட நெறிமுறையை அந்நிறுவனம் நினைத்தால் ஒரே இரவில் மாற்றிவிடலாம். திறந்த நெறிமுறையின் நிலை வேறு. அதன் விதிநூல் எல்லோருக்கும் கிடைக்கும்; யார் வேண்டுமானாலும் அதன்படி மென்பொருள் எழுதலாம்; எழுதியவர்களும் பயன்படுத்துவோரும் உலகெங்கும் சிதறிக் கிடப்பர். அதில் ஒரு புதிய வசதியைச் சேர்ப்பது மொழியில் ஒரு புதிய வேற்றுமை உருபைச் சேர்ப்பது போன்றதுதான். சேர்ப்பவர் ஒருவர், ஏற்க வேண்டியவர்கள் எண்ணற்றோர்.

இலக்கியம் பேசுமிடத்தில் இந்தப் பொறியியல் எதற்கு என்று நண்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. சென்ற ஆண்டு எங்கள் சிறிய வாசகர் வட்டம் உடையும் நிலைக்கு வந்தது இந்தக் கேள்வியால்தான்.

*

எங்கள் வட்டம் 2006-இல் தொடங்கியது. மாதம் ஒரு நூல். அதைப் படித்து ஒவ்வொருவரும் ஒரு மடல் எழுத வேண்டும். மடல்கள் அனைத்தும் மின்னஞ்சலில் எல்லோருக்கும் போகும். இவ்வளவே ஏற்பாடு. நாங்கள் பதினொருவரும் ஒரே அறையில் அமர்ந்ததில்லை. ஒருவர் யாழ்ப்பாணத்தில், இருவர் டொராண்டோவில், மற்றவர்கள் திருநெல்வேலி தொடங்கிச் சென்னை வரை பல ஊர்களில். எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரை எல்லோரும் 'சார்' என்றே அழைக்கிறோம். மிகப் பழைய கணினியொன்றை, அதைவிடப் பழைய அஞ்சல் மென்பொருளோடு, இன்றும் விடாது வைத்திருப்பவர். இன்னொரு நண்பர் பார்வையற்றவர். திரைவாசிப்பான் துணையோடு, விசைப்பலகையின் குறுக்குவழிகளை விரல்நுனியில் வைத்துக்கொண்டு, எங்களில் எவரையும்விட விரைவாக மடல்களைப் படித்து முடிப்பவர். எங்கள் வட்டத்தின் மிகச் சிறந்த மடல்கள் இவ்விருவருடையவை என்பதை மற்றவர்கள் மறுக்கமாட்டார்கள்.

பிற்காலத்தில் வந்து சேர்ந்த நால்வர் இளையவர்கள். மின்னஞ்சலில் உரையாடல் ஓடவில்லை, தேங்கி நிற்கிறது என்பது அவர்கள் குறை. குரல்மடல் வேண்டும், உடனுக்குடன் மறுமொழி வேண்டும், நூலின் பக்கத்தைப் படமெடுத்து வரியைச் சுட்டிக்காட்ட வேண்டும். எல்லோரும் ஒரு செயலிக்கு இடம்பெயரலாம் என்றார்கள். அது நியாயமான விருப்பமே. பார்வையற்ற நண்பர் அச்செயலியை மூன்று வாரம் முயன்று பார்த்துவிட்டு எழுதினார்: "ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பொத்தான்கள் இடம் மாறுகின்றன. வீட்டில் நாற்காலியை யாரோ நகர்த்தி வைத்துக்கொண்டே இருப்பது போலிருக்கிறது. பழகிவிடலாம்தான், ஆனால் பழகி முடிப்பதற்குள் மறுபடியும் நகர்த்திவிடுகிறார்கள்."

அடுத்த நாள் இளைய நண்பர் ஒருவர் எழுதினார்: "அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் என் வயதுக்காரர் யாரையும் மின்னஞ்சல் குழுவுக்கு வரச் சொல்ல என்னால் முடியவில்லை. இன்னும் பத்தாண்டு கழித்து இங்கே யார் இருப்பார்கள்?"

இரண்டு மடல்களும் உண்மையானவை. ஒன்றுக்கொன்று விடையாகாதவை. இரண்டு மாதம் நாங்கள் விவாதித்தோம். அந்த விவாதத்தின் போக்கில்தான் மின்னஞ்சல் கடந்து வந்த பாதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். எங்கள் பதினொருவரின் பூசலை நாற்பதாண்டுகளுக்கும் மேலாக உலகம் பேசித் தீர்க்க முயன்றுகொண்டிருக்கிறது என்பதை அறிந்தபோது ஏதோ ஓர் ஆறுதல்.

*

மின்னஞ்சலை வழங்கிக்கு வழங்கி கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982-இல் ஜான் போஸ்டல் எழுதினார். அவர் வகுத்த வழியில் ஏழு பிட்டுக்குள் அடங்கும் எழுத்துகள் மட்டுமே பயணம் செய்ய முடியும். ஆக 128 குறியீடுகள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு அங்கே இடமேயில்லை. படத்துக்கும் ஒலிக்கும் இல்லை.

பத்தாண்டு கழித்து அந்த இடத்தை உண்டாக்க நேர்ந்தபோது, எல்லா வழங்கிகளையும் மாற்றுங்கள் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவற்றைப் பராமரித்தவர்கள் பல நாடுகளில், பல நிறுவனங்களில் இருந்தார்கள். யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது. 1992-இல் நத்தேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் என்னும் தரம் வேறொரு வழியைக் கண்டது. புதியது, பழையதைப் போல மாறுவேடம் பூண்டு போகும். படமோ ஒலியோ தமிழோ, எதுவாயினும் அனுப்புபவரின் கணினி அதை எளிய ரோமன் எழுத்துகளாக உருமாற்றிக் கட்டும். வழியிலுள்ள பழைய வழங்கிகள் வழக்கமான மடலென்று எண்ணிக் கடத்திவிடும். பெறுபவரின் கணினி கட்டைப் பிரிக்கும். நடுவில் இருப்பவர் எவரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இன்றும் நாம் அனுப்பும் தமிழ் மடல்கள் பெரும்பாலும் இந்த வேடத்தில்தான் போகின்றன. 'தமிழ்' என்னும் சொல் ஒருங்குறியில் ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் பதினைந்து பைட்டுகள். பேஸ்64 என்னும் கட்டில் இருபது ரோமன் எழுத்துகள். மடலின் மூலவடிவைத் திறந்து பார்த்தால் நம் மொழியின் பெயர் பொருளற்ற இருபது எழுத்துகளாக அங்கே கிடப்பதைக் காணலாம். முதலில் பார்த்தபோது எங்களுக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. பின்னர் வருத்தம் மரியாதையாக மாறிற்று. வேடத்தின் சுமையை, கூடுதல் பைட்டுகளின் செலவை, புதியதே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பழையவர்மீது சுமத்தவில்லை.

மறு ஆண்டு, 1993-இல், இன்னொரு நயமான ஏற்பாடு வந்தது. எஸ்எம்டிபியில் இரு வழங்கிகள் சந்திக்கும்போது வந்தவர் முதலில் ஒரு முகமன் கூற வேண்டும். ஆங்கில 'ஹலோ'வை நான்கெழுத்தாகச் சுருக்கிய சொல் அது. புதிய வசதிகளை அறிந்தவர்கள் அச்சொல்லின் முதலிரண்டு எழுத்துகளை இடம்மாற்றிச் சொல்லலாம் என்று விதித்தார்கள். எதிரிலிருப்பவர் புதியவரென்றால் தாம் அறிந்த வசதிகளையெல்லாம் வரிசையாக ஒப்பிப்பார். பழையவரென்றால் 'புரியவில்லை' என்பார். உடனே வந்தவர் பழைய முகமனைக் கூறிப் பழைய முறையிலேயே பேச்சைத் தொடங்குவார். இருவருக்கும் அவமானமில்லை, மடலும் போய்ச் சேர்ந்துவிடும். 2008-இல் திருத்தி வெளியிடப்பட்ட விதிநூலும் பழைய முகமனுக்கு விடையளிப்பதை வழங்கிகளின் கடமையாகவே வைத்திருக்கிறது.

வேடம், வினவல் என்னும் இவ்விரண்டு உத்திகளால்தான் மின்னஞ்சல் பிழைத்தது என்று நாங்கள் நினைக்கிறோம். இரண்டும் இல்லாதபோது என்ன ஆகிறது என்பதற்கும் தமிழிலேயே சான்றுகள் உண்டு.

*

குறுஞ்செய்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட்டு. ஆங்கிலத்தில் எழுதினால் 160 எழுத்து. தமிழில் எழுதினால், ஒவ்வொரு குறியீடும் இரண்டு பைட்டு பிடிப்பதால், 70 தான். அதிலும் ஒரு 'கி' எழுதினால் இரண்டு குறியீடுகள் போய்விடும். கைபேசித் தரத்தை வகுப்பவர்கள் இக்குறையை அறியாதவர்களல்லர். 2000-களின் இறுதியில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கென ஏழு பிட்டு எழுத்து அட்டவணைகளைத் தரத்தில் சேர்த்தார்கள். அதன்படி ஒரு செய்தியில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தமிழ்க் குறியீடுகளை அடக்கலாம். ஏறத்தாழ ஆங்கிலத்துக்கு நிகரான இடம்!

இதை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறோம்? இன்றும் தமிழில் குறுஞ்செய்தி எழுதத் தொடங்கினால் எழுபதிலிருந்துதான் எண்ணிக்கை இறங்குகிறது. காரணம் எளிது. அனுப்புகிற கைபேசிக்கு, பெறுகிற கைபேசி அந்த அட்டவணையை அறியுமா என்று கேட்டறிய வழியில்லை. அங்கே முகமன் என்னும் சடங்கே கிடையாது. அறியாத கைபேசிக்குப் போனால் செய்தி பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தோன்றும். வேடமும் இல்லை, வினவலும் இல்லை. ஆகவே எவரும் முதலடி எடுத்து வைக்கவில்லை. ஏட்டில் அந்த வசதி உண்டு, நாட்டில் இல்லை.

இரண்டாவது சான்று மின்னஞ்சல் முகவரி. தமிழெழுத்திலேயே முழு முகவரியும் அமையலாம் என்று 2012-இல் தரம் வகுக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன்பே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் பெயர்கள் தமிழில் இணையப் பெயர்வெளிகளாக ஏறிவிட்டன. ஜிமெயில் 2014-இல் இத்தகைய முகவரிகளோடு மடல் பரிமாறத் தொடங்கியது. இங்கே வினவல் உண்டு: புதிய முகமனுக்கு விடையாக, இந்த வசதி எனக்குத் தெரியும் என்று வழங்கி சொல்லலாம். ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டால் மாற்றுவழி இல்லை. தொடக்கத்தில், 2008-ஐ ஒட்டிய சோதனைக் காலத்தில், அத்தகைய இடங்களில் ரோமன் முகவரிக்கு இறங்கிக்கொள்ளும் ஏற்பாடொன்றை வைத்துப் பார்த்தார்கள். சிக்கல் மிகுந்ததால் இறுதித் தரத்தில் அதைக் கைவிட்டார்கள். ஆகவே மடல் திரும்பிவிடுகிறது. ஏதேனும் ஒரு படிவத்தில் தமிழ் முகவரியை இட்டால், முகவரி தவறு என்று சிவப்பெழுத்தில் காட்டும் தளங்கள் இன்னும் ஏராளம்.

எங்களில் ஒருவர் தமிழ் முகவரியொன்றை வாங்கி ஆசையோடு சில மாதம் வைத்திருந்தார். மடல் போகாத இடங்களின் பட்டியல் நீண்டதும், ரோமன் முகவரிக்கே திரும்பினார். தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதுவது எவ்வளவு அடிப்படையான ஆசை! அதற்கே சூழல் முழுவதும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. திறந்த நெறிமுறையில் ஒரு வசதி பிறந்துவிட்டது என்று சொல்வதற்கும் அது வாழ்கிறது என்று சொல்வதற்கும் இடையிலுள்ள தொலைவு இதுதான்.

*

இவ்வளவையும் படித்தவர்கள், அப்படியானால் புதிய வசதிகளைக் குறைத்துக்கொண்டு இருப்பதைப் பரப்புவதே நலம் என்ற முடிவுக்கு வரக்கூடும். எங்களில் மூத்தவர்கள் அப்படித்தான் வந்தார்கள். அதற்கு எதிரான வாதம் வலுவானது. அதை நேர்மையோடு சொல்லியாக வேண்டும்.

1999 சனவரியில் ஜெரமி மில்லர் ஜாபர் என்னும் திறந்த அரட்டை முறையை அறிவித்தார். 2004-இல் அது எக்ஸ்எம்பிபி என்னும் பெயரில் இணையத் தரமாயிற்று. மின்னஞ்சல் போலவே யாரும் வழங்கி வைத்துக்கொள்ளலாம்; ஒரு வழங்கியினர் இன்னொரு வழங்கியினரோடு பேசலாம். 2006 சனவரியில் கூகுள் டாக் இந்தக் கூட்டமைப்புக்குத் தன் கதவைத் திறந்தபோது, அரட்டையும் அஞ்சல்போல் பொதுவாகிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருந்தது. 2013 மே மாதம் கூகுள் அறிமுகப்படுத்திய ஹேங்அவுட்ஸ் அந்தக் கூட்டமைப்பைப் பேணவில்லை. கூகுள் டாக், ஹேங்அவுட்ஸ் இரண்டுமே 2022-இல் மூடப்பட்டன.

பெரியவர் ஒருவர் வெளியேறியது மட்டுமே காரணமென்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்எம்பிபியின் கரு மிகச் சிறியது, மற்றவையெல்லாம் நீட்சிகள். ஒரே மடல் கைபேசியிலும் கணினியிலும் வர ஒரு நீட்சி, பழைய உரையாடலை மீட்டெடுக்க ஒரு நீட்சி, படம் அனுப்ப ஒரு நீட்சி, மறையாக்கத்துக்கு ஒன்று. நீட்சிகளின் வரிசையெண் நானூறைக் கடந்துவிட்டது. வினவல் அங்கே தாராளமாகவே உண்டு. ஒவ்வொரு மென்பொருளும் தான் அறிந்தவற்றைச் சொல்லும். ஆனால் ஒருவர் அறிந்தது மற்றவர் அறிந்ததோடு பொருந்தாதபோது, படம் போகுமா போகாதா என்பதைப் பயனர் அனுப்பிப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. கைபேசிகள் உலகை நிறைத்த அந்த ஆண்டுகளில் மக்களுக்கு அதற்குப் பொறுமையில்லை. புதிதாக ஒரு மென்பொருள் எழுத வருகிற இளைஞருக்கும் அந்த நீட்சிகளின் மலை அச்சமூட்டுவது. வசதிகள் பெருகப் பெருக நுழைவாயில் உயர்ந்துகொண்டே போகும் என்பதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

2016 மே மாதத்தில் சிக்னல் செயலியை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக் எழுதிய கட்டுரை இந்தப் பின்னணியில் வந்தது. பலரிடம் பரவிக்கிடக்கும் நெறிமுறை காலத்தில் உறைந்துவிடுகிறது, உலகமோ நகர்ந்துகொண்டிருக்கிறது, ஒரே கையில் இருக்கும் சேவைதான் அதனோடு சேர்ந்து நகர முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதை வெறும் அகந்தையென்று தள்ள முடியாது. மடல்களை மறையாக்கும் பிஜிபி 1991-இலேயே வந்துவிட்டது. இன்றுவரை நம் அன்றாட மின்னஞ்சலில் அது இயல்பாகவில்லை. வாட்ஸ்அப்போ 2016 ஏப்ரலில் நூறு கோடிக்கு மேற்பட்ட பயனர்களுக்கு முனைக்கு முனை மறையாக்கத்தை இட்டு முடித்தது. அவர்களில் பெரும்பாலோர் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. என்ன நடந்தது என்றுகூட அறிந்திருக்கமாட்டார்கள்.

திறந்த அணியிலிருந்து விடை வராமலில்லை. 2014-இல் தொடங்கிய மேட்ரிக்ஸ் என்னும் திறந்த வலையமைப்பின் மேத்யூ ஹாட்சன் 2020 சனவரியில் நீண்ட மறுப்பொன்று எழுதினார். அவ்வாண்டு மே மாதத்தில் தனி உரையாடல்கள் அனைத்துக்கும் மறையாக்கத்தை இயல்பாக்கிக் காட்டினார்கள். முடியும் என்பது நிறுவப்பட்டது. வாட்ஸ்அப்புக்கு நான்காண்டு பின்னர் என்பதும் உண்மை. திறந்த ஊரில் எல்லோரையும் கேட்டுத்தான் சாலை போட வேண்டும். அந்த நான்காண்டு அதற்கான விலை. ஒரே கையில் இருக்கும் சேவைக்கும் ஒரு விலை உண்டு: அந்தக் கை ஒருநாள் மூடிக்கொண்டால் போவதற்கு வேறிடமில்லை.

எக்ஸ்எம்பிபி உலகமும் பாடம் கற்றது. நூற்றுக்கணக்கான நீட்சிகளுள் இன்றியமையாத சிலவற்றைத் தேர்ந்து, இவற்றை எல்லோரும் சேர்ந்து நிறைவேற்றுவோம் என்று இணக்கத் தொகுப்புகளை வெளியிடலாயினர். 2014-இல் டேனியல் குல்ட்ஷ் தொடங்கிய கான்வர்சேஷன்ஸ் போன்ற செயலிகள் அச்சிலவற்றைச் செம்மையாகச் செய்து காட்டின. பட்டியலை நீட்டுவதைவிடச் சுருக்குவதே அங்கே புத்துயிர் தந்தது.

*

உறைந்திருப்பதில் இன்னொரு கேடும் உண்டு. எங்களுக்கு இது புதிய செய்தி. நெடுங்காலம் அசையாத கீல் துருப்பிடிப்பது போல, நெறிமுறையில் மாற்றத்துக்கென்று விட்டுவைத்த இடங்களும் பயன்படுத்தாவிட்டால் இறுகிவிடும். உலாவிக்கும் இணையதளத்துக்கும் இடையிலான பேச்சைக் காக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.3 பதிப்பு 2018-இல் வந்தது. பழைய 1.2 பதிப்பு பத்தாண்டு நிலைத்திருந்த காலத்தில், நடுவழியில் நிற்கும் கருவிகள் பல அதன் தோற்றத்துக்கே பழகிப்போய், புதிய எண்ணைக் கண்டால் இணைப்பையே துண்டித்தன. விதிப்படி அவை அறியாததைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்க வேண்டும். வேறு வழியின்றி 1.3 தன் பதிப்பெண்ணை 1.2 என்றே முகப்பில் எழுதிக்கொண்டு, உண்மையான எண்ணை உள்ளே ஒரு நீட்சியில் சொல்லிப் பயணிக்கிறது. மீண்டும் வேடம்.

இனி அப்படித் துருப்பிடிக்கக் கூடாதென்று 2020-இல் ஒரு வேடிக்கையான மருந்தைத் தரமாக்கினார்கள். உலாவிகள் இடையிடையே பொருளற்ற எண்களை வேண்டுமென்றே முகமனோடு சேர்த்து அனுப்பும். எதிரிலிருப்பவர் அவற்றைப் பொருட்படுத்தாமல் பேச்சைத் தொடர்ந்தால் கீல் நலமாக இருக்கிறது. தடுமாறினால் கோளாறு அன்றே தெரிந்துவிடும். கீலுக்கு எண்ணெய் இடுவது போன்ற இவ்வேலைக்கு அவர்கள் வைத்த பெயரும் மசகுதான்.

அனுப்புவதில் கண்டிப்பாகவும் ஏற்பதில் தாராளமாகவும் இருக்க வேண்டும் என்பது போஸ்டல் 1980-இல் வகுத்துத் தந்த புகழ்பெற்ற நெறி. அளவற்ற தாராளம் பிழைகளையே வழக்காக்கிவிடும் என்று 2023-இல் வெளியான இணைய ஆவணமொன்று அதை மறுபரிசீலனை செய்தது. பொறுத்துக்கொள்வது மட்டும் போதாது. தொடர்ந்து பேணவும் வேண்டும் என்பது அதன் அறிவுரை. எங்கள் இளைய நண்பர்கள் இதை எடுத்து வைத்து வாதிட்டார்கள். பதினெட்டாண்டாக ஒரே வடிவில் எழுதிக்கொண்டிருக்கும் வட்டம் புதியவர் எவரையும் ஏற்கும் ஆற்றலையே இழந்துவிடும் என்றார்கள். மூத்தவர்களிடம் அதற்கு விடையில்லை.

*

முடிவுக்கு அடி எடுத்துக் கொடுத்தவர் சார்தான். தம் பழைய மென்பொருளில் எங்கள் மடல்கள் எப்படி வருகின்றன என்பதைப் பற்றி அவர் ஒருநாள் எழுதினார்: "நீங்கள் வண்ணத்திலும் படத்திலும் அனுப்புகிறீர்கள் என்று பேரன் சொல்கிறான். எனக்கு வெறும் எழுத்தாகத்தான் வருகிறது. ஒரு குறையும் இல்லை. நீங்கள் பாட்டுக்கு அலங்காரம் செய்யுங்கள். கீழே எழுத்து மட்டும் இருக்கட்டும்."

இதுவும் 1992-இன் மைம் செய்த வேலைதான். ஒரே மடலை இரண்டு வடிவில் ஒரே கட்டில் வைத்து அனுப்ப அது இடம் தந்தது. எளிய எழுத்து முதலில், அலங்கார வடிவம் அடுத்து. படிக்கும் மென்பொருள் தன்னால் காட்ட முடிந்தவற்றுள் சிறந்ததை எடுத்துக்கொள்ளும். எளிய வடிவத்தை முதலில் வைக்கச் சொன்னதற்கும் காரணமுண்டு: மைம் என்ற பெயரையே கேட்டிராத மென்பொருளில்கூடப் படிக்கக்கூடிய பகுதி முதலில் கண்ணில் படவேண்டும்.

அதையே நாங்கள் விதியாக்கிக்கொண்டோம். மின்னஞ்சலே வட்டத்தின் அடித்தளம். அதன்மேல் யாரும் எதையும் சேர்க்கலாம். சேர்ப்பதைப் பெற முடியாதவருக்கும் மடலின் பொருள் போய்ச்சேர வழிசெய்வது சேர்ப்பவர் கடமை. குரல்மடல் அனுப்புகிறவர் அதில் சொன்னதை எழுத்திலும் தர வேண்டும். பக்கத்தின் படத்தை அனுப்புகிறவர் அந்த வரிகளைத் தட்டச்சிட வேண்டும். செயலியில் விரைந்து பேசிக்கொள்வோர் மாத இறுதியில் அப்பேச்சின் சாரத்தை மடலாக்கி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். ஆண்டுக்கு ஒரு புதிய வழக்கத்தையாவது முயன்று பார்க்க வேண்டும் என்பதும் விதி. அது இளையவர்கள் கேட்டுப் பெற்றது.

இந்த ஏற்பாடு எல்லோரையும் காக்கவில்லை. குரலில் பேசியதை மறுபடி எழுதுவது சுமையாக இருக்கிறது என்று இளையவர்களில் இருவர் விலகிக்கொண்டார்கள். அவர்கள் செயலியில் தனியே நடத்தும் குழு எங்களுடையதைவிடக் கலகலப்பானது என்று கேள்விப்படுகிறோம், மகிழ்ச்சியே. ஆயினும் புதுமைப்பித்தன் கதைகளைப் பற்றி அவர்களில் ஒருவர் எழுதிய மடலைப் போலொன்று அதற்குப் பின் எங்களுக்கு வரவில்லை. சமன்பாடு என்ற சொல்லைக் கேட்டால் இரு தட்டும் நிறைந்த தராசு நினைவுக்கு வருகிறது. எங்கள் அனுபவத்தில் ஒரு தட்டிலிருந்து எப்போதும் ஏதோ ஒன்று கீழே விழுந்துகொண்டே இருக்கிறது. எது விழலாம் என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மட்டுமே நமக்கு.

எங்களோடு தங்கிவிட்ட மற்ற இருவரில் ஒருவர் சென்ற தையிலிருந்து ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறார். நூலின் ஒரு பகுதியைத் தம் குரலில் வாசித்து மடலோடு இணைக்கிறார். கீழே எழுத்தும் இருக்கிறது. பார்வையற்ற நண்பர் இருபதாண்டாகத் திரைவாசிப்பானின் இயந்திரக் குரலில் மட்டுமே எங்கள் மடல்களைக் கேட்டுவந்தவர். இந்தப் புதிய வசதிக்காகத்தான் அவர் இப்போது முதல் தேதியை எதிர்பார்த்திருக்கிறார்.

தீராத கடனொன்று மிச்சமிருக்கிறது. எங்கள் மடல்களில் நூல்கள் மட்டும் இல்லை. நோய்கள், மரணங்கள், மக்களைப் பற்றிய கவலைகள் எல்லாம் இருக்கின்றன. வழங்கிக்கும் வழங்கிக்கும் இடையிலான வழியை மறைக்கும் ஏற்பாடு 1999-இலேயே புதிய முகமனில் சேர்ந்துவிட்டது. இரு பக்கமும் அறிந்திருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் மடல் அஞ்சலட்டை போலத் திறந்தே போகும். நடந்தாலும், வழங்கிகளுக்குள்ளே மடல் திறந்துதான் கிடக்கிறது. முனைக்கு முனை மறையாக்கத்தை நாங்கள் ஏற்கப் போனால் சாரின் பழைய மென்பொருளுக்கு அது எட்டாது. இங்கே எளிய எழுத்தைக் கீழே வைத்து அனுப்பவும் முடியாது. அப்படி வைத்தால் மறைத்ததற்குப் பொருளில்லை. இந்த ஆண்டின் புதிய வழக்கமாக இதையே எடுத்துக்கொள்ளலாமா என்று டொராண்டோ நண்பர் கேட்டு எழுதியிருக்கிறார். சாருக்கு ஒரு புதிய கணினி வாங்கித் தருவதற்கான செலவுக் கணக்கையும் அம்மடலோடு இணைத்திருக்கிறார். சார் இன்னும் மறுமொழி எழுதவில்லை.